மழைக்காலத்தையும் சேர்த்து வாங்கும் தேன்: மார்த்தாண்டம் வட்டாரத்துச் சிறுதொழில் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சமூகப் பொறுப்புள்ள தொழில் என்று பேச்செடுத்தால் எங்கள் பக்கம் அது பெரும்பாலும் நன்கொடையில்தான் போய் நிற்கும். பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி, கோயில் கொடைக்கு ஒரு தொகை, ஆலயத் திருவிழாவுக்கு ஒரு தொகை. நல்ல காரியங்கள்தான். சட்டமும் ஏறக்குறைய அந்தத் திசையில்தான் பார்க்கிறது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம் தன் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். வீட்டுப் பின்கட்டில் ஐந்தாறு பெண்களை வைத்து நடக்கும் தொழிலுக்கு இந்தப் பிரிவு எட்டாத உயரம். அதனால் அங்கே பொறுப்பு என்ற கேள்வியே எழாது என்று நினைத்துவிடுகிறோம்.

என் எண்ணம் வேறு. சிறுதொழிலின் பொறுப்பு முழுவதும் கொள்முதலில் இருக்கிறது. யாரிடம் வாங்குகிறோம், எப்படி அளக்கிறோம், எப்போது பணம் கொடுக்கிறோம், நட்டம் வந்தால் யார் தலையில் விழுகிறது என்ற நான்கிலும் நேர்மையாக இல்லாத ஒருவர் கொடுக்கும் நன்கொடைக்கு நான் பெரிய மதிப்பு வைப்பதில்லை. இதை எனக்கு விளங்க வைத்தது குமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தில் தேன் வாங்கி, பக்குவப்படுத்தி, பாட்டிலில் அடைத்து விற்கும் ஒரு பெண்ணின் தொழில். அவருடைய வரிக் கணக்குகளைப் பார்ப்பவன் நான். பெயரும் ஊரும் விற்றுமுதலும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், சரி என்றேன். கீழே வரும் கணக்குகள் விளக்கத்துக்காக முழு எண்களில் போட்டவை.

தேன் வரும் வழி

மார்த்தாண்டத்துக்கும் தேனுக்கும் உள்ள தொடர்பு நூறு ஆண்டுப் பழக்கம். 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு மையத்தை அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் இங்கே நடத்தியபோது, நிலம் குறைந்த குடும்பங்களுக்கு உபவருமானமாகப் பெட்டித் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு கூட்டுறவுச் சங்கம் வந்தது, வீட்டுக்கு வீடு பெட்டி வந்தது. இன்று மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

இந்தத் தேனின் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை. ரப்பர் மரம் டிசம்பர், ஜனவரியில் இலை கொட்டிப் புதுத் தளிர் விடும். அந்தத் தளிரின் காம்பும் சிற்றிலைகளும் சேரும் இடத்தில் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. அங்கே ஊறும் இனிப்பு நீரைத்தான் தேனீ எடுக்கிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் வரவு. அருமனை, குலசேகரம், கடையால் பக்கமெல்லாம் அந்த நாட்களில் தோட்டத்துக்குள் பெட்டிகள் வரிசையாக இருக்கும். நிறையப் பேர் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக் கேரளத்து ரப்பர் தோட்டங்களுக்கும் கொண்டுபோவார்கள். தோட்டக்காரருக்கு இடத்துக்கு வாடகையாகச் சில பாட்டில் தேன்.

ஏப்ரல் முடிந்தால் கதை மாறும். குமரிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலிருந்து தேனீக்கு வெளியே உணவு இல்லை. சர்க்கரைப் பாகு ஊற்றிக் கூட்டத்தைக் காப்பாற்ற வேண்டும். மெழுகுப் பூச்சி, எறும்பு, நோய் எல்லாம் அப்போதுதான் வரும். 1990களின் தொடக்கத்தில் புழுக்கள் நீர் கோத்துப் பைபோல ஆகிச் செத்துப்போகும் சாக்புரூட் நோய் பரவித் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவை அழிந்தன. அந்த ஆண்டுகளைப் பற்றி இங்குள்ள வயதானவர்கள் இப்போதும் இழவு வீட்டைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவார்கள்.

மூன்று மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதச் செலவு. தேன் வியாபாரத்தில் உள்ள நியாய அநியாயங்கள் எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

தொடக்கம்

இந்தத் தொழிலை நடத்தும் பெண் பி.காம். படித்தவர், கணவர் வளைகுடாவில் வேலை. மாமியார் வீட்டில் நாற்பது பெட்டி இருந்தது. தேனை மொத்த வியாபாரி எடுத்துப்போவார். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் நாகர்கோவில் மாவட்டத் தொழில் மையம் வழியாக விண்ணப்பித்தார். கிராமப்புறத்துப் பெண்ணுக்கு அந்தத் திட்டத்தில் 35 சதவீதம் மானியம், சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். காகிதத்தில் எல்லாம் சரி. வங்கியில் மட்டும், கணவர் ஊருக்கு வந்து கையெழுத்துப் போட்டால் பார்க்கலாம் என்றார்கள். ஈடில்லாக் கடனுக்கு அரசின் உத்தரவாத நிதியம் இருக்கிறது, அதன்படி கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்து, பல மாதம் நடந்து வாங்கினார். இரட்டைச் சுவர்ப் பாத்திரம், வடிகட்டி, நிரப்பும் எந்திரம், உணவுப் பாதுகாப்பு உரிமம். இதில் நான் அதிகம் நிற்கப்போவதில்லை. பெண் தொழில்முனைவர் பற்றிய எழுத்துகளில் இந்தக் கடன் கதைக்கே எல்லா இடமும் போய்விடுகிறது. அதற்குப் பிறகு அவர்கள் தொழிலை எப்படி நடத்தினார்கள் என்பதைக் கேட்பார் குறைவு.

ஈரத்தை அளந்தது

இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் விதிப்படி தேனில் நீர் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. எங்கள் ஊர்க் காற்றின் ஈரத்துக்கும் இந்தியத் தேனீயின் இயல்புக்கும் அது கடினமான எல்லை. தேனீ அறையை மெழுகால் மூடிய பிறகு எடுத்தால் ஈரம் குறைவு. ஆனால் வரவு வேகமாக இருக்கும்போது வாரம் ஒருமுறை அடையைப் பிழிந்தால்தான் அளவு கூடும் என்று மூடாத அடையையும் எடுத்துவிடுவார்கள். அந்தத் தேனில் 24, 25 என்று நீர் நிற்கும். நாள்பட வைத்தால் புளிக்கும்.

பழைய வழக்கப்படி வியாபாரி தேனை விரலில் தொட்டுப் பார்ப்பார், சாய்த்து ஊற்றிப் பார்ப்பார். "நீர் கூடுதலாக இருக்கிறது" என்று சொல்லி விலையைக் குறைப்பார். எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைப்பு என்பது அவர் வாயில் வருவதுதான். விற்பவருக்கு மறுத்துப் பேச எந்தப் பிடியும் கிடையாது.

இவர் முதல் கொள்முதலிலேயே ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினார். தேனில் எவ்வளவு நீர் என்று காட்டும் கையடக்கக் கருவி, பெரிய விலை இல்லை. ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் கோடு எந்த எண்ணில் நிற்கிறது என்று தெரியும். ஒரு பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. "முப்பது வருசமா விரலுல தொட்டுப் பாத்துத்தான் வித்திருக்கேன் மக்ளே, இந்தக் கண்ணாடிக்கு என்ன தெரியும்?" என்றார். "மாமா, நீங்களே கண்ணை வச்சுப் பாருங்க. நான் சொல்ல மாட்டேன், நம்பரை நீங்க சொல்லுங்க," என்றார் இவர். அதிலிருந்து அதுதான் நடைமுறை. எண்ணை விற்பவர் படித்துச் சொல்வார், வாங்குபவர் எழுதிக்கொள்வார். காலையில் எல்லார் முன்னிலையிலும் கருவியைச் சரிபார்த்த பிறகே கொள்முதல் தொடங்கும்.

விலைப் பட்டியலும் சுவரில் எழுதி வைத்தார். அதன் கணக்கு எளியது. 24 சதவீத நீர் உள்ள 100 கிலோ தேனில் திடப்பொருள் 76 கிலோ. அதை 20 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் மிஞ்சுவது 95 கிலோ. 22 சதவீதத் தேனாக இருந்தால் 97.5 கிலோ மிஞ்சும். ஒவ்வொரு சதவீத ஈரத்துக்கும் நூற்றுக்கு ஒன்றேகால் கிலோ வித்தியாசம், அதற்கு மேல் சூடாக்கும் செலவு. ஆகவே 22 சதவீதத்துக்கு ஒரு விலை, அதற்குக் கீழே ஒவ்வொரு சதவீதம் குறையும்போதும் இவ்வளவு கூடுதல், மேலே போனால் இவ்வளவு குறைவு என்று எல்லாருக்கும் தெரியும்படி வைத்தார். 25ஐத் தாண்டினால் வாங்குவதில்லை. இன்னும் ஒரு வாரம் அடையில் விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புவார்.

அந்த வட்டாரத்தில் நான் பார்த்த மாற்றங்களில் பெரியது இதுதான். இரண்டு பருவத்துக்குள் மூடிய அடை மட்டும் எடுப்பவர்கள் கூடினார்கள். யாரும் பாடம் நடத்தவில்லை. பொறுத்திருந்து எடுத்தால் பணம் கூடுதலாக வரும் என்பது சுவரிலேயே இருந்தது. அவருக்கும் லாபம் உண்டு. நீரை இறக்க நீண்ட நேரம் சூடாக்கினால் தேனில் எச்.எம்.எஃப். என்ற பொருள் கூடும். அதற்கும் கிலோவுக்கு 80 மில்லிகிராம் என்று உச்சவரம்பு இருக்கிறது. பழுத்த தேன் வந்தால் குறைந்த சூடு போதும், மணமும் போகாது. தேனீ வளர்ப்பவருக்கு நியாயமாக நடப்பதும் நல்ல சரக்கு கிடைப்பதும் ஒரே ஏற்பாட்டிலிருந்து வந்தன. அதனால்தான் நெருக்கடி வந்த ஆண்டுகளிலும் அது நிலைத்தது என்று நினைக்கிறேன்.

மழைக்காலக் கடன்

ஜூலை, ஆகஸ்டில் பாகு காய்ச்சச் சர்க்கரை வாங்கப் பணம் வேண்டும். பெட்டிக் கால் உளுத்திருக்கும். பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் இருக்கும். மொத்த வியாபாரிகள் சிலர் அப்போது கை திறந்து கடன் கொடுப்பார்கள், வட்டி கேட்க மாட்டார்கள். பிப்ரவரியில் தேன் முழுவதும் அவர்களிடமே வர வேண்டும், விலை அவர்கள் சொல்வது. வட்டி அந்த விலைக்குள் ஒளிந்திருக்கும். கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்து 300 கிலோ எடுத்தால் 6,000 ரூபாய். 15,000 ரூபாய்க் கடனுக்கு ஆறேழு மாதத்தில் 6,000 என்றால் எந்தக் கந்துவட்டிக்கும் குறைந்ததில்லை. வாங்கியவர்களோ அந்த வியாபாரியை ஆபத்துக்கு உதவியவர் என்று நன்றியோடு சொல்வார்கள்.

இவர் முன்பணத்தையும் தேனையும் பிரித்துவிட்டார். முன்பணம் ஒரு தாளில், தேன் விலை இன்னொரு தாளில். கடன் வாங்கியவர் தேனை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். கடனைப் பணமாகத் திருப்பினால் போதும். இவரிடம் விற்றால் அன்றைய சுவர் விலைதான். தவணையாகப் பிடித்தம் செய்வதும் ஒவ்வொரு கொள்முதலிலும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகாது, மீதித் தொகை அன்றோ மறுநாளோ வங்கிக் கணக்குக்குப் போய்விடும்.

இந்த முடிவை நான் எதிர்த்தேன். கட்டாயம் இல்லாத முன்பணம் திரும்பாது என்பது கணக்கு பார்ப்பவன் புத்தி. சிலர் வேறிடத்தில் விற்றார்கள், உண்மை. திருப்பாதவர்களும் உண்டு, அதில் ஒரு தொகையைத் தள்ளுபடி செய்ய வேண்டியும் வந்தது. ஆனால் பெரும்பாலோர் திருப்பினார்கள். வேறிடத்தில் விற்றவர்களிலும் பலர் அடுத்த பருவம் இங்கேயே வந்தார்கள். ஏன் என்று அவர்களிடம் கேட்டால் விலையைப் பற்றிச் சொல்வதைவிட அளவைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். "இங்க நம்ம கண்ணு முன்னால அளக்காங்க."

முன்பணத்தோடு ஒரே ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். தளிர் விடத் தொடங்கியதும் பாகு ஊற்றுவதை நிறுத்த வேண்டும், பெட்டியின் தேன் அறையில் பாகு மிச்சம் இருந்தால் முதல் அடையை விற்பனைக்குக் கொண்டுவரக் கூடாது. மழையில் பாகு கொடுப்பது கூட்டத்தைக் காக்கும் நல்ல வழக்கம். பருவத்திலும் கொடுத்தால் அது கலப்படம். இடையில் உள்ள கோடு நாட்காட்டியில் ஒரு வாரம்தான்.

அந்தக் கோட்டைக் காக்க வேண்டிய அவசியம் 2020 டிசம்பரில் எல்லாருக்கும் புரிந்தது. டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சந்தையில் விற்கும் தேன்களைச் சோதித்து, பெயர்பெற்ற பிராண்டுகள் பலவும் என்.எம்.ஆர். என்ற நுட்பமான ஆய்வகச் சோதனையில் தேறவில்லை என்று வெளியிட்டது. கரும்பு, மக்காச்சோளப் பாகு கலந்தால், அந்தப் பயிர்கள் கரியமில வாயுவை எடுக்கும் தனி முறையின் தடயத்தைத் தேடும் பழைய சி4 சோதனையில் பிடிபடும். அரிசிப் பாகு அதில் தப்பிவிடும், ஏனென்றால் நெல்லும் தேன் தரும் மரங்களும் கரியமில வாயுவை எடுக்கும் முறை ஒன்றுதான். பாகு மலிவாக வரும்போது தேன் விலை விழுகிறது. எங்கோ ஒரு ஆலையில் ஊற்றும் பாகுக்கு அருமனையில் நாற்பது பெட்டி வைத்திருப்பவர் விலை கொடுக்கிறார். கலப்படத்தை நுகர்வோர் பிரச்சினையாக மட்டும் பேசுகிறோம். உற்பத்தி செய்பவரின் கூலியைத் திருடுவதும் அதுதான்.

யார் பெயரில் பெட்டி

பெட்டியைத் தோட்டத்துக்குத் தூக்கிப்போவதும் வண்டி பிடிப்பதும் விற்பதும் ஆண்கள். வீட்டைச் சுற்றியுள்ள புரையிடத்தில் இருக்கும் பெட்டிகளைப் பார்ப்பது, எறும்பு ஏறாமல் காலடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுவது, பாகு காய்ச்சுவது, ராணி இருக்கிறதா என்று அடை தூக்கிப் பார்ப்பது எல்லாம் பெண்கள். ரப்பர் பால் வெட்டப் போய்விட்டு வந்து இதையும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பணம் மட்டும் ஆண் பெயரில் போகும்.

வீட்டில் பராமரிக்கும் பெட்டிகளின் தேனுக்கு அதைப் பராமரிப்பவரின் வங்கிக் கணக்கு எண்ணைத்தான் எழுதுவேன் என்று இவர் சொன்னபோது பெரிய சத்தம் வந்தது. குடும்பத்தைப் பிரிக்கிறாள் என்றார்கள். அவர் சண்டைக்குப் போகவில்லை, முடிவை மாற்றிக்கொள்ளவும் இல்லை. தோட்டத்துப் பெட்டி ஒரு சீட்டு, வீட்டுப் பெட்டி ஒரு சீட்டு என்று இரண்டாக எழுதத் தொடங்கினார். 2021இல் தேசியத் தேனீ வாரியத்தின் மதுகிராந்தி இணையதளம் வந்தபோது, வீட்டுப் பெட்டிகளைப் பெண்களின் பெயரிலேயே பதிவு செய்ய உட்கார்ந்து உதவினார். அந்தப் பதிவின் பலன் மெதுவாகத் தெரிகிறது. பயிற்சிக்கோ மானியத்துக்கோ விண்ணப்பிக்கும்போது தேனீ வளர்ப்பவர் என்று சொல்ல இப்போது அந்தப் பெண்களிடம் ஒரு தாள் இருக்கிறது.

ஒரு பெண் என்னிடம் சொன்னது இது: "எனக்கக் கணக்குல வாற பைசா சின்னதுதான் சார். ஆனா சர்க்கரைக்கு நான் ஆருகிட்டயும் கேக்கண்டாம்." இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே அந்தத் தொழிலை நான் மதிக்கிறேன்.

பாட்டிலில் ஒட்டியது

சுற்றுலாப் பயணி கன்னியாகுமரிக்கு வந்தால் கேட்பது மலைத்தேன், காட்டுத்தேன். ரப்பர்த் தேன் என்றால் முகம் சுளிப்பார்கள், ரப்பர் கலந்திருக்குமோ என்று. கடைக்காரர்கள் பலர் 'மலைத்தேன் என்று போடுங்க, போதும்' என்றார்கள். பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடி மக்கள் எடுக்கும் தேன்தான் உண்மையில் மலைத்தேன். அதன் பெயரை எடுத்து ரப்பர்த் தேனில் ஒட்டினால் அவர்களுக்கும் அநியாயம், வாங்குபவருக்கும் பொய். 'ரப்பர்த் தோட்டத் தேன்' என்றே போட்டார். ரப்பர்த் தேன் சீக்கிரம் உறைந்து சர்க்கரை கட்டும் இயல்புள்ளது. அதைப் பார்த்துக் கலப்படம் என்று திருப்பிக் கொண்டுவருவார்கள். வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வைத்தால் இளகும் என்று லேபிளில் எழுதினார், திருப்பித் தந்தவர்களுக்கு வேறு பாட்டிலும் கொடுத்தார். முதல் ஆண்டுகளில் விற்பனை மெதுவாகத்தான் ஏறியது.

இன்னொரு வரியால் வியாபாரமே கொஞ்சம் குறைந்தது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்ற வரி. தேனில் சில நேரம் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகலாம் என்பது மருத்துவ உலகம் ஒத்துக்கொண்ட எச்சரிக்கை. எங்கள் பக்கமோ பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைப்பது பல வீடுகளில் ஆகிவந்த சடங்கு. அதற்கென்றே ஒரு சின்ன பாட்டில் கேட்டு வருவார்கள். கேட்டு வந்த பாட்டிமாரிடம் இவர் அந்த வரியைப் படித்துக் காட்டுவார். சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். சர்க்கரை நோய்க்கு நல்லது, உடம்பு இளைக்கும் போன்ற வாசகங்களையும் அவர் போட்டதில்லை. தேனும் இனிப்புதான், அளவோடு சாப்பிட வேண்டியது என்று நேராகச் சொல்லிவிடுவார்.

ஒக்கியும் ஊரடங்கும்

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தது. குமரியின் மேற்குப் பகுதியில் ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்த காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க முடியாது. புதுக் கன்று வைத்துப் பால் வெட்டும் நிலைக்கு வர ஏழு ஆண்டு ஆகும். தேனீ வளர்ப்பவர்களுக்குப் பெட்டிகளும் போயின, தளிர் விட வேண்டிய மரங்களும் போயின. இரண்டு மாதத்தில் பருவம் தொடங்க வேண்டும்.

அந்த ஆண்டு அவர் முன்பண வசூலை ஒரு பருவம் முழுவதும் நிறுத்தி வைத்தார். வங்கித் தவணையை அவருக்கு யாரும் நிறுத்தி வைக்கவில்லை, நகையை அடகு வைத்துக் கட்டினார். கொள்முதல் குறைந்ததால் பாட்டில் நிரப்பும் பெண்களுக்கும் வேலை குறைந்தது. யாரையும் நிறுத்தாமல் எல்லாருக்கும் நாட்களைப் பகிர்ந்து கொடுத்தார். வெளியூர்த் தேனை வாங்கி மார்த்தாண்டம் தேன் என்று விற்றிருந்தால் அந்த ஆண்டு நன்றாகவே போயிருக்கும். கேட்டு வந்தவர்களும் உண்டு. அவர் செய்யவில்லை, சரக்கு தீர்ந்தது என்று கடைகளுக்குச் சொன்னார். சில கடைகள் வேறு பிராண்டுக்குப் போனவை திரும்பவே இல்லை.

2020 மார்ச் ஊரடங்கு சரியாகத் தேன் வரும் நாட்களில் விழுந்தது. களியக்காவிளைக்கு அப்பால் கேரளத் தோட்டங்களில் பெட்டி வைத்திருந்தவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். விளைபொருள் போக்குவரத்துக்கு அனுமதி வாங்கித் தேனைக் கொண்டுவருவதற்கு இவர் விண்ணப்ப எழுத்தராகவே மாறிவிட்டார். நோய் எதிர்ப்புச் சக்தி என்ற பேச்சில் தேனுக்கான கேட்பு அந்த ஆண்டு ஏறியது. வெளி வியாபாரிகள் கூடுதல் விலையோடு வந்தார்கள். அவரும் சுவரில் இருந்த விலையைப் பருவத்தின் நடுவிலேயே ஏற்றினார், ஏற்றுவதற்கு முன் வாங்கிய தேனுக்கும் வித்தியாசத்தைக் கணக்கில் போட்டார். சட்டப்படி அதற்கு எந்தத் தேவையும் இல்லை. அந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று என்னிடம் கேட்டார். கொள்முதல் விலை என்றே எழுதச் சொன்னேன்.

பணம் முடங்கும் இடம்

இப்படி நடத்துவதன் உண்மையான விலை நடைமுறை மூலதனத்தில் தெரியும். மூன்று மாதத்தில் தேனை வாங்கி உடனே பணம் கொடுக்கிறார், விற்பது ஆண்டு முழுவதும். ஒரு லட்சம் ரூபாய்ச் சரக்கு ஆறு மாதம் கையில் தங்கினால் 10 சதவீத வட்டியில் 5,000 ரூபாய் போய்விடும். அதற்கு மேல், வாங்கும் கடைகள் அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று இழுப்பார்கள். உற்பத்தி செய்பவருக்கு உடனே கொடுத்து, கடையிடம் தாமதமாக வாங்கும் இடைவெளியை அவர் தன் வட்டியால் நிரப்புகிறார்.

குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். 2023-24 நிதியாண்டிலிருந்து 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவும் சேர்ந்துகொண்டது. கெடுவைத் தாண்டிக் கொடுத்தால், வாங்கியவர் அந்தத் தொகையைக் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். இவர் சிறுதொழில் பதிவுக்கான உத்யம் எண்ணை ஒவ்வொரு ரசீதிலும் அச்சிட்டார். பெரிய கடைகள் சில மார்ச்சுக்குள் பாக்கியைத் தீர்த்தன. ஒரு கடை, இந்த எண் இல்லாத சப்ளையரைப் பார்த்துக்கொள்கிறோம் என்று விலகியது. சட்டத்தில் இடம் இருந்தாலும் கடையைப் பகைத்துக்கொள்ளச் சிறு உற்பத்தியாளருக்குத் தெம்பு இல்லை. இப்போது அவர் விற்பனையில் பெரும்பகுதியை நேரடி வாடிக்கையாளருக்கு அஞ்சலிலும் கூரியரிலும் திருப்பிவிட்டார். லாபம் கூடவில்லை, பணம் முன்கூட்டி வருகிறது. அவருக்குத் தேவை அதுதான்.

தொழிலாளர் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்துப் பேருக்குக் குறைவு என்பதால் இ.எஸ்.ஐ. கட்டாயம் வராது. அதற்குப் பதிலாக ஆண்டுக்கு 20 ரூபாய், 436 ரூபாய் பிரீமியம் உள்ள இரண்டு மத்திய அரசுக் காப்பீடுகளையும் எல்லாருக்கும் அவரே கட்டுகிறார். மாலை ஐந்துக்கு வேலை நிற்கும், ஊர்ப் பேருந்து அதற்குப் பிறகு இல்லை. உட்கார்ந்து நிரப்ப உயரத்துக்கேற்ற முக்காலி. வாசலில் மாவட்ட உள்ளூர்ப் புகார்க் குழு பற்றிய தாள் ஒட்டியிருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைந்த இடத்தில் பாலியல் தொல்லைப் புகார் போக வேண்டியது அங்கேதான் என்பது பல முதலாளிகளுக்கே தெரியாது.

என் மதிப்பீடு

இந்தத் தொழிலில் எனக்கு உள்ள பெரிய கவலை, எல்லா நியாயமும் ஒரே ஆளின் மனத்தில் இருக்கிறது என்பது. சுவரில் விலை எழுதுவது அவர், முன்பணம் யாருக்கு என்று முடிவெடுப்பது அவர், ஒக்கிக்குப் பிறகு வசூலை நிறுத்தியதும் அவர். நாளை அவருக்கு உடம்புக்கு வந்தாலோ, கணவரோடு வெளிநாட்டுக்குப் போக வேண்டி வந்தாலோ, அந்த இடத்துக்கு வருபவர் பழைய மொத்த வியாபாரியைப்போல நடக்க எந்தத் தடையும் இல்லை. தேன் கொடுப்பவர்களும் அவரை நல்ல முதலாளி என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். நல்ல முதலாளியை நம்பி இருப்பதும் ஒரு சார்பு நிலைதான்.

இன்னொன்று கந்தகத் தூள். புதுத் தளிரில் சாம்பல் நோய் வராமல் இருக்க ரப்பர் தோட்டங்களில் கந்தகம் தூவுவார்கள், அதுவும் தேன் வரும் அதே நாட்களில். தூவுவதற்கு முந்தின நாள் சொன்னால் பெட்டியை மூடி வைக்கலாம். இதைச் சில தோட்டக்காரர்களோடு வாய்ப்பேச்சில் ஏற்பாடு செய்திருக்கிறார். தோட்டம் கைமாறினால் அந்தப் பேச்சும் போய்விடுகிறது. தேன் கொடுக்கும் குடும்பங்கள் ஒரு அமைப்பாக நின்று கேட்டால்தான் அது எழுத்தில் வரும்.

அதற்காகத்தான் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கும் பேச்சு ஓடுகிறது. பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் நிறுவனங்கள் சட்டத்தில் பதிவு செய்யலாம், பங்கு எவ்வளவு இருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. அவருடைய எண்ணம், விலைப் பட்டியலை இனி ஒரு குழு போட வேண்டும், குழுவில் பாதிப் பேர் வீட்டுப் பெட்டி வைத்திருக்கும் பெண்கள். ஆண்கள் சிலருக்கு இதில் உடன்பாடு இல்லை. விலையை நீங்களே போடுங்க, அதுதான் நல்லது என்கிறார்கள். தான் வாங்குபவர், விற்பவர்களின் விலையைத் தானே போடுவது முறையில்லை என்று அவர் பிடிவாதமாக இருக்கிறார். தன் பதப்படுத்தும் கூடத்தை அந்த நிறுவனத்துக்குக் கொடுப்பதா, வாடகைக்கு விடுவதா, தனித் தொழிலாகவே வைத்து அவர்களிடம் வாங்குவதா என்பதில் அவருக்கே இன்னும் தெளிவு இல்லை. கடன் அவர் பெயரில் இருப்பதால் அவசரப்பட வேண்டாம் என்பது என் ஆலோசனை.

ஒரு விஷயம் மட்டும் முடிவாகிவிட்டது. மழைக்கால முன்பணத்துக்கு என்று தனி வங்கிக் கணக்கு தொடங்கியிருக்கிறார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று அவரும் தேன் கொடுப்பவர்களும் ஆளுக்குப் பாதி அதில் போடுகிறார்கள். வரும் ஜூலைக்குரிய முன்பணம் அதிலிருந்துதான் போகும். பணம் எடுக்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும். மூவரும் தேன் கொடுப்பவர்கள், அதில் இருவர் பெண்கள்.